மாமனாருக்கு வாசித்த கடைசி அத்தியாயம்

என் மாமனார் யாரையும் கை நீட்டி அடித்தவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். அவர் எனக்குச் செய்த கொடுமையை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒரு கொலைக் கதையைப் பாதி கேட்டுக்கொண்டிருக்கும்போது, கொன்றது யார் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை இருமுறை அல்ல, வருஷக்கணக்காக.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். துப்பறியும் நாவல் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது எப்பேர்ப்பட்ட வயிற்றெரிச்சல் என்று.

நான் தென்காசிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு மலையாளம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. என் கணவர் வீட்டாரும் தமிழர்கள்தான். ஆனால் பல தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். அவர்கள் பேசுகிற தமிழே முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் ஒன்று சொன்னால் என் கணவர், "நீ என்னாக்கும் சொல்றே?" என்பார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்காது.

என் தொழில் இட்லி மாவு. சுள்ளிக்கல் வரைக்கும் வீடுகளுக்குப் போகிறது, சில சாயாக் கடைகளுக்கும் போகிறது. காலையில் கிரைண்டரைப் போட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட வேண்டும், அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, மூளைக்கு ஒன்றும் கிடையாது. அப்படிச் சும்மா கிடந்த மூளைக்குத் தீனியாகத்தான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு மலையாள நாவல்களைக் கேட்க ஆரம்பித்தேன். பேச்சு அதற்குள் வந்துவிட்டிருந்தது, எழுத்துதான் வரவில்லை. எழுத்துத் தெரியாதவளுக்கு முழுப் புத்தகத்தையும் வாசித்துக் காட்டுகிற ஆப் ஒன்று போனில் இருக்கிறது என்றால் விடுவாளா? புதுப் புதுக் கொலைக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்று முடிந்த கையோடு அடுத்ததை எடுப்பேன்.

என் மலையாளமே அந்தக் கதைகளில் கற்றதுதான். காய்கறிப் பெயர்கள் வருவதற்கு முன்னால் எனக்குக் கைரேகையும் பிரேதப் பரிசோதனையும் வந்துவிட்டன. மீன்காரரிடம் ஒருநாள், "சத்யம் பறயணம் சேட்டா, இந்த மீன் எப்போ பிடிச்சதாணு?" என்று கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சேச்சி போலீஸிலாணோ?" என்றார்.

கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு சூட்சுமமும் பிடிபட்டது. வாசிக்கிறவருக்கு முடிவு தெரியும். எவ்வளவு மறைத்தாலும், கொலைகாரன் பேசும் இடத்தில் அவர் குரல் கொஞ்சம் கூடுதலாகவே நல்லவனாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு, இவனாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று நான் ஊகித்துக்கொண்டே மாவைத் தள்ளுவேன். பல தடவை தோற்பேன். தோற்பதுதான் அதில் ருசியே. அந்த ஒன்றரை மணி நேரம் நான் யாருக்கும் மனைவியில்லை, மருமகளில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அதில்தான் மாமனார் கையை வைத்தார்.

அவர் மசாலாச் சரக்குக் கமிஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு அவருக்கு வாயனசாலைதான் வீடு. இங்கே நூலகத்தை அப்படித்தான் சொல்வார்கள். புது மலையாள நாவல் வந்தால் முதல் ஆளாக எடுத்துவருவார். ஒரே நாளில் முடித்துவிடுவார். நான் கேட்கிற கதைக்கோ பத்துப் பதினைந்து நாள் ஆகும். "இப்போ எது மோளே கேட்டுண்டிருக்கே?" என்று அன்பாகக் கேட்பார். நானும் வெள்ளந்தியாகச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் சாப்பாட்டு வேளையில், குழம்பை ஊற்றிக்கொண்டே, எல்லோர் முன்னாலும் ஆரம்பிப்பார்.

"அந்த டிரைவராக்கும் கொன்னது. எனக்கு முப்பதாம் பக்கத்துலயே மனசிலாச்சு."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிடும். என் கணவர், "அப்பாவுக்கு அது ஒரு தமாஷ், விடு" என்பார். தமாஷாம். இவர் பார்க்கிற கால்பந்து ஆட்டத்தின் முடிவை நான் முன்கூட்டியே சொன்னால் வீட்டில் கொலை விழும்.

ஏன் மாமா இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் சொன்னா என்ன? கத அங்கயேதானே இருக்கு? கேட்டுக்கோ" என்றார். அதற்குப் பிறகு நான் எந்தக் கதை என்று சொல்வதை நிறுத்தினேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்கு வந்து, போனை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் போவார். இப்படிக் கொலையாளிகளை ஒவ்வொருவராக என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தார். பெரியவரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஆபரேஷன் வந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று களமசேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அப்போது ஒரு நாவல் கேட்டுக்கொண்டிருந்தேன். படகுத் துறையில் காணாமல் போன ஒரு பெண், அவளைத் தேடி ஊர் ஊராக அலையும் தாய். அவ்வளவு நல்ல கதை. அதன் கடைசிப் பகுதியைக் கேட்காமல் வைத்துக்கொண்டேன். மயக்கம் தெளிந்து, வலி வரும் நாளில் கேட்கலாம் என்று திட்டம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போதுகூட, வெளியே வந்தால் அது காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிலருக்கு அந்த நேரத்தில் சாமி ஞாபகம் வரும். எனக்கு அந்தக் கதை வந்தது.

மறுநாள் மாமனார் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், தலைமாட்டில் கிடந்த போனைப் பார்த்துவிட்டார்.

"ஓ, இதுவா? இதுல அந்தத் தள்ளையேதான் கொன்னுட்டா. தேடற மாதிரி ஒரு நடிப்பு. எனக்கு அப்பவே மனசிலாச்சு."

அந்தத் தாய்தான் கொன்றாள் என்று என்னிடம் சொன்னார். தையல் போட்ட வயிற்றோடு அழ முடியாது, ஆனாலும் அழுதேன். நர்ஸ் ஓடிவந்து, வலி தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஓர் ஊசியைப் போட்டாள். மாமனார், "பாவம், நல்ல வேதனை" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி ஏறி, கண் செருகும்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெளிவாக இருந்தது. இந்த மனுஷனை நான் சும்மா விடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் அவரைக் கவனிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. என் கட்டிலிலிருந்து பார்த்தால் முன்னறையில் அவருடைய நாற்காலி தெரியும். புதுப் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். அட்டையைத் துடைத்தார். அப்புறம் நேராகப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். அதை முடித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வந்தார். அடுத்த புத்தகத்துக்கும் அதே கதை. முப்பதாம் பக்கத்திலேயே மனசிலாகாமல் என்ன செய்யும்? இத்தனை வருஷமும் இவர் மூளைக்காரர் என்றாவது நினைத்துக்கொண்டிருந்தேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது மாதிரி இருந்தது எனக்கு.

பழிவாங்குவதற்கு வழி அவராகவே கொண்டுவந்து கொடுத்தார்.

எங்கள் பகுதியில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு வாசகர் வட்டம் உண்டு. புதிதாக இங்கே வேலைக்கு வந்த பிள்ளைகள் ஆரம்பித்தது. வங்கியில் இருப்பவர்கள், ஓட்டல் வைத்திருப்பவர்கள், கட்டட வேலை எடுத்துச் செய்பவர்கள் எல்லோரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடுவார்கள். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். ஆரம்பித்தது யாராக இருந்தாலும், தலைமை நாற்காலி பழைய குடும்பத்து மூத்தவருக்குத்தான். அது இங்கே எழுதாத சட்டம். அப்படி என் மாமனார் தலைவரானார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் தமிழ்ப் புத்தகம். பார்க்க அம்சமாக இருப்பார்.

ஒரே ஒரு குறை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "அச்சு ஷரியில்ல, நீ வாசி" என்றார். அச்சு பளிச்சென்று இருந்தது. எழுத்துத்தான் தமிழாக இருந்தது. வெளியே யாராவது எதையாவது நீட்டினால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்பார். தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்குகிறவர் அதை எப்படி ஒப்புக்கொள்வார்? வட்டத்தில் அதுவரை கவிதையும் கட்டுரையுமாகப் பேசினார்கள். "நல்ல கனமான எழுத்து" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தத் தடவை அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு துப்பறியும் நாவல், தமிழில் புதிதாக வந்தது. மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. தன் களத்துக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "கண்ணுல வெள்ளம் வடியறது. நீ வாசி மோளே, நான் கேக்கறேன்" என்றார். அப்போது மாவு பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். மனசுக்குள் ஒரு மணி அடித்தது.

முதலில் நான் மட்டும் அதைப் படித்தேன். கதை எளிமையானது. அரிசி ஆலை முதலாளி ஒருவர் ஆலைக்குள்ளேயே செத்துக் கிடக்கிறார். சந்தேகம் பலர் மேல். அவர் பங்காளி, அவர் மைத்துனன், ஊரில் இருக்கும் ஹோமியோபதி டாக்டர். கதை பாதியில் அந்த டாக்டரும் கிணற்றில் பிணமாக மிதக்கிறார், இரண்டாவது கொலை. கடைசியில் இரண்டையும் செய்தவன் மைத்துனன் என்று தெரிகிறது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். நான் பங்காளியைத்தான் சந்தேகப்பட்டு ஏமாந்தேன், சந்தோஷமாக.

மறுநாள் மதியம் மாமனார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். அவர் என்ன சொல்லுவார் என்று எனக்கு முன்பே தெரியும்.

"முதல்ல கடைசி அத்தியாயம் வாசி."

கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். கண் புத்தகத்தில் இருந்தது. வாய் வேறொன்றை வாசித்தது. அந்த டாக்டர் கொன்றதாக வாசித்தேன். ஆலை முதலாளி அவருடைய கிளினிக் இடத்தை வளைத்துப் போட்டார், அந்த ஆத்திரத்தில் சர்க்கரை மாத்திரையில் விஷம் வைத்தார் என்று என் சொந்தச் சரக்கையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்கும் இடத்தில் குரலை உயர்த்தினேன். டாக்டர் தலைகுனிகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். இத்தனை வருஷம் எத்தனை பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன், எனக்கா தெரியாது? பயமாகவும் இருந்தது, அதைவிட ஆனந்தமாக இருந்தது. முடித்தபோது மாமனார் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

"நெனச்சேன். டாக்டர்மாரை நம்பப் படாது."

கதையே இன்னும் கேட்கவில்லை, அதற்குள் நினைத்துவிட்டாராம்.

பிறகு முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். இரண்டாம் அத்தியாயத்திலேயே குறட்டை. எழுந்ததும், "போரும், பாக்கி எனக்கு ஊகிக்கலாம்" என்றார். நான் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். "நடுவுல கொஞ்சம் வாசிக்கட்டுமா மாமா? நிறைய சம்பவம் நடக்கு" என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். வழக்கமாகப் போவதில்லை. வடையும் சாயாவும் நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, பின்வரிசையில் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். நல்ல கூட்டம். துப்பறியும் கதை என்றதும் வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். மாமனார் எழுந்தார். வரவேற்புரை சொல்ல வேண்டியவர், அதை ஒரே வரியில் முடித்துக்கொண்டு தன் வழக்கத்துக்கு வந்துவிட்டார்.

"நல்ல நாவல். ஆனாக்கா கொன்னது டாக்டர்னு எனக்கு முப்பதாம் பக்கத்துலயே மனசிலாச்சு. எழுதின ஆள் இன்னும் கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கலாம்."

பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு வங்கிப் பெண், மதுரைக்காரி. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், டாக்டர் பாதியிலயே செத்துப் போயிடுறாரே சார்?"

மாமனார் சமாளித்தார். "அது... செத்த மாதிரி ஒரு நடிப்பாக்கும். அங்கதான் அவன் சாமர்த்தியம்."

"போஸ்ட்மார்ட்டமே பண்ணிட்டாங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாம்பலைக்கூட ஆத்துல கரைச்சுட்டாங்க" என்றார் ஓட்டல்காரர்.

அவ்வளவுதான். மண்டபம் குலுங்கியது. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் புத்தகத்தையே படிக்காமல் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மாமனாருக்கு நெற்றியில் சந்தனம் வேர்வையில் கரைந்தது. அவர் கண் கூட்டத்துக்குள் தேடித் தேடி, கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

நான் பார்வையைத் திருப்பவில்லை. வடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவருக்குப் புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. என் மருமகள் தப்பாக வாசித்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். ஆனால் உங்களுக்கு எதற்கு மருமகள் வாசிக்க வேண்டும் என்று அடுத்த கேள்வி வருமே. வாயைத் திறக்க முடியாமல் அவர் நின்ற நிற்பை நான் அணு அணுவாக அனுபவித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கும் வாய் திறக்க முடியவில்லை.

அவர் தலைவலி என்று சொல்லி, பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் எல்லோருக்கும் சாயா கொடுத்துவிட்டு, மைத்துனன் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டான் என்ற விவாதத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். என் கணவர் இன்னும் வந்திருக்கவில்லை.

"நீ அப்படித்தானே வாசிச்சே?" என்றார்.

"புத்தகத்துல என்ன இருந்துச்சோ அதைத்தான் மாமா வாசிச்சேன். நம்பிக்கை இல்லைன்னா நீங்களே பாருங்க" என்று சொல்லி, புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் பேசிய வார்த்தைகளிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் வரவில்லை. என் கணவர், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார். நாவல் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். நான் கேட்கிற கதை எது என்று கேட்பதில்லை, அடுக்களைக்கு வந்து போனை நிமிர்த்துவதும் இல்லை. நான் நிம்மதியாகக் கேட்டேன். ஒரு நாவலில் கொலையாளி கடைசி வரைக்கும் எனக்கே எனக்காக ஒளிந்துகொண்டிருந்தான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! சாதாரண மனுஷி என்றால் அதோடு திருப்திப்பட்டிருப்பாள். எனக்கு ஆறவில்லை. ஒருநாள் கூட்டத்தில் பட்ட அவமானம் எங்கே, வருஷக்கணக்கில் அவர் பிடுங்கியது எங்கே?

கொஞ்ச நாளில் மாமனார் புதிதாக ஏதோ செய்கிறார் என்று தெரிந்தது. அவரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற தமிழ் வீடியோ. அ, ஆ என்று விரலால் வேட்டியில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மனுஷன், சில எழுத்துகள் மலையாளத்துக்குச் சொந்தக்காரர்கள் வேறு. கடைப் பெயர்ப் பலகைகளுக்கு வந்தார், அப்புறம் பழைய காலண்டர் தாளுக்கு வந்தார். யாரிடமும் உதவி கேட்கவில்லை. என்னிடம் கேட்பாரா என்ன? அந்த வைராக்கியத்தைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. கோபம் போனது என்று சொன்னால்தான் பொய்.

பிறகு ஒருநாள் அந்த நாவலை எடுத்தார்.

முதல் பக்கத்திலிருந்து எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஒரு பக்கம் நகர ஒரு காலைப்பொழுது ஆனது. வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். ஒரு வார்த்தை பிடிபட்டதும் நிமிர்ந்து உட்காருவார். நாள் போகப் போக வேகம் பிடித்தது. ஆலை முதலாளி செத்த இடத்தில், "அய்யோ" என்று சத்தமாகச் சொன்னார். டாக்டர் கிணற்றில் மிதந்த அன்று என்னை ஒரு முறை முறைத்தார், ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்கவும் முடியவில்லை. வாயனசாலைக்குப் போவதையே மறந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இந்த ஒரு பக்கம்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்த நோய்.

பேச்சு ஆரம்பிக்கும் முன்பே கூட்டத்திலிருந்து கிளம்பிவிட்டதால், மைத்துனனைப் பற்றி அவர் காதில் எதுவும் விழவேயில்லை. என் கணவர் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆகவே இந்த வீட்டில் கொன்றவனைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. முன்னறைத் தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னலோர நாற்காலியில். "சாயா" என்றார், தலையைத் தூக்காமல். கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் இருந்தார். அதற்குப் பிந்தின பக்கங்களையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து, என்னுடைய மாவு ரப்பர் பேண்டு ஒன்றைப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். தன் கையே தனக்குத் தெரியாமல் அங்கே போய்விடக் கூடாது என்று.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கார்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசிய பேச்சு. "பங்காளியாத்தான் இருக்கும்னு தோணறது. நீ சொல்லாதே."

அவர் கண் பிள்ளையின் கண் மாதிரி இருந்தது. அறுபதைத் தாண்டிய மனுஷன், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன் பாஷையில் ஒரு புத்தகத்தைப் படித்து, முதல்தடவையாக முடிவு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்தத் தவிப்பு எவ்வளவு இனிமையானது என்று அந்தத் தெருவிலேயே என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. எனக்குப் பாவமாக இருந்ததா? இருந்தது. நிஜமாகவே இருந்தது.

"மைத்துனன்தான் மாமா" என்றேன். "ரெண்டு கொலையும் அவன்தான்."

விரல் அந்த வரியிலேயே நின்றது. அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்ததில்லை, ஆனால் அது யாருடைய முகம் என்று எனக்குத் தெரியும். பிறகு குனிந்து, கடைசிப் பக்கங்களைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். திரும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்து, அதை வைத்து அடுத்த பாக்கெட்டைக் கட்டினேன்.